ஊரணித் திருப்பணி நிறைவு அறிக்கை

திருப்பணிக் குழு உறுப்பினர்களுக்கும், உபயம் செய்த ஊர்மக்களுக்கும், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் பணம் அனுப்பிய நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஊரணி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாரி, நான்கு கரைப் படித்துறை, கரைப் பிள்ளையார் கோயில் ஆகிய நான்கு பணிகளும் நிறைவடைந்துவிட்டன. 2025 ஆவணியில் கும்பாபிஷேகம் நடந்தது. மண்டலாபிஷேகம் 48 நாளும் தடையில்லாமல் முடிந்தது. அப்புறம் வந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் வாரி வழியாகவே வந்து ஊரணி நிறைந்தது. மிச்சம் போக்கு வாய்க்காலிலும் ஓடியது. வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையெழுத்துடன் தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. கல், சுண்ணாம்பு, கூலி, யாகசாலை என்று தலைப்பு வாரியாக அதில் பார்த்துக்கொள்ளலாம். கணக்குத்தாளில் எழுத முடியாதவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

இந்த ஊரணியை நாம் இதற்கு முன்பும் தூர்வாரியிருக்கிறோம். இளைஞர்கள் இறங்கிக் கருவையை வெட்டினார்கள், பொக்லைன் வைத்து மண்ணும் அள்ளினோம். ஆனால் மழை கொட்டித் தீர்த்த பிறகும் முழங்கால் அளவுத் தண்ணீர் சேராது. கோளாறு ஊரணிக்கு வெளியே இருந்தது. மேற்கே கண்மாயின் மிகைநீர் வழியும் கழுங்கிலிருந்து வரும் வாரி, பாதி வழியில் வீடாகவும் கடையாகவும் மாறியிருந்தது. தார்ச்சாலையைக் கடக்கும் இடத்திலோ, சாலை ஒவ்வொரு முறை புதிதாகப் போடப்பட்டபோதும் உயர்ந்துகொண்டே போய், குழாய்ப் பாலத்தின் அடிமட்டம் வாரியின் தரையைவிட மேலே நின்றது. வந்த தண்ணீரும் அங்கேயே தேங்கி, பக்கத்துப் புஞ்சையில் வடிந்துவிடும்.

இதை முதலில் சொன்னவர் நம் பேரூராட்சித் தலைவர். சொன்ன காலத்தில் அவர் தலைவராக இல்லை, மன்ற உறுப்பினராகக்கூட இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயல் நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. மறு ஆண்டு கொத்தமங்கலம், பேராவூரணி பக்கத்து இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வார ஆரம்பித்தார்கள். நம்மூர்ப் பிள்ளைகள் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, உடனே ஊரணியில் இறங்க வேண்டும் என்று நின்றார்கள். "ஊரணிய அப்புறம் பாப்போம் தம்பி. மொதல்ல தண்ணி வர்ற வழிய நடந்து பாத்துட்டு வருவோம்" என்று அவர்களைக் கழுங்கு வரைக்கும் கூட்டிப்போனவர் அவர்தான்.

தலைவர் எப்படி இந்த இடத்துக்கு வந்தார் என்பது ஊரில் பெரியவர்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் இளையவர்களுக்காக இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கூலி வாங்காத தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் தெருத்தெருவாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் அந்த இயக்கத்தில்தான். அப்போது இருபது வயதை எட்டாத பெண்ணாக, நாள் முழுக்க வயல்வேலை செய்துவிட்டு, ராத்திரியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் கீழத்தெருப் பெண்களுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தவர் இவர். இன்றும் ஊரில் பாதிப்பேருக்கு அவர் 'அறிவொளி அக்கா'தான். பிறகு மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டு அவர் கைக்கு வந்தது. 2006 உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினரானார், 2011-இலும் வென்றார்.

அந்தப் பத்து ஆண்டு மன்ற அனுபவம் இந்தத் திருப்பணிக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பலர் உணரவில்லை. மன்றக் கூட்டத்தில் பொருள் நிரலை முழுதாகப் படித்துவிட்டு வருவார். நிறைவேறிய தீர்மானங்களின் நகலைக் கேட்டு வாங்கித் தேதிவாரியாகக் கட்டி வைப்பார். வாரியை அளந்து கல் ஊன்ற வேண்டும் என்று அப்போதே மன்றம் ஒரு தீர்மானம் போட்டிருந்தது. தீர்மானம் நின்ற இடத்திலேயே நின்றுபோனாலும், அதன் நகல் அவரிடம் இருந்தது. பின்னால் நாங்கள் எழுதிய எல்லா மனுக்களுக்கும் அந்தக் காகிதம்தான் ஆதாரம்.

2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அறிவிக்கப்பட்டிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால், ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களிலும் பேரூர்களிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை, தனி அலுவலர்கள்தான் இருந்தார்கள். கஜா அடித்ததும் கொரோனா வந்ததும் அந்தக் காலத்தில்தான். பதவி எதுவும் இல்லாத ஒரு முன்னாள் வார்டு உறுப்பினர், புயலுக்கு மறுநாளே பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டினார். எந்த வீட்டில் ஓடு போனது, எந்த வீட்டில் தென்னை விழுந்தது என்று நோட்டுப் போட்டு எழுதி, கணக்கெடுக்க வந்தவர்களிடம் கொடுத்தார். 2020 ஊரடங்கில் குழுப் பெண்களோடு உட்கார்ந்து முகக்கவசம் தைத்தார். 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்து, மார்ச் 4-இல் உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது, நம்மூரில் போட்டியே இல்லாமல் போனதற்கு அந்த நோட்டுதான் காரணம் என்று நாங்கள் நம்புகிறோம். தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பல ஊர்களில் அப்படி வந்தால் கணவர் நாற்காலியில் உட்காருவார். இவருடைய கணவர் இந்தத் திருப்பணியில் மண் டிராக்டர் ஓட்டினார். ஒரு மன்றக் கூட்டத்துக்கும் வந்து உட்காரவில்லை. இதையும் பதிவு செய்ய விரும்புகிறோம்.

அவர் தலைவரானதும் முதலில் கேட்டது பணம் அல்ல, அளவை. வருவாய்த் துறையின் நிலக் கணக்கான 'அ' பதிவேட்டிலும், நில எல்லையைக் காட்டும் புலப்படத்திலும் வாரி தெளிவாக இருந்தது. தரையில்தான் காணவில்லை. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்து, முன்பு தீர்மானம் போட்ட அதே இடங்களில் கல் ஊன்றினார். அந்தக் கற்களுக்கு உள்ளே சில குடியிருப்புகளும் ஒரு பெட்டிக்கடையும் இருந்தன. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி, அகற்றுவதற்கு முன் 7-ஆவது பிரிவில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதிலைப் பார்த்த பிறகே, அகற்றச் சொல்லும் 6-ஆவது பிரிவுக்குப் போக முடியும். நோட்டீஸ் போனது.

அடுத்து நடந்ததைக் குழுவில் பலர் நேரில் பார்த்தோம். வாரிக்குள் வீடு கட்டியிருந்த பெரியம்மா ஒருவர் நோட்டீஸோடு பேரூராட்சி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அறிவொளி வகுப்பில் தலைவரிடம் எழுத்துக் கற்றவர் அவர். வரி வரியாக அந்தத் தாளை உரக்கப் படித்துவிட்டு, "என்னைக் கையெழுத்துப் போட வச்சவளே எனக்கு நோட்டீஸு அனுப்புறியாடி?" என்று கேட்டார். அலுவலகம் முழுக்க அமைதியாகிவிட்டது. தலைவர் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "யாரும் படிச்சுச் சொல்லாம நீங்களே படிச்சிட்டீங்கல்ல சின்னம்மா. பதிலையும் நீங்களே எழுதுங்க. மாத்து எடம் வேணும்னு எழுதுங்க. அது மன்றத்துக்கு வரும், நான் பாத்துக்குறேன்" என்றார்.

அவர் எழுதினார், மற்றவர்களும் எழுதினார்கள். மாற்று மனை கோரும் அந்த மனுக்களை மன்றம் ஒரு தீர்மானமாகப் பரிந்துரைத்து வட்டாட்சியருக்கு அனுப்பியது. மனைப்பட்டா கைக்கு வரும் வரை ஒரு வீட்டுக் கூரையிலும் கை வைக்கக் கூடாது என்று தலைவர் உறுதியாக நின்றார். இதனால் பணி ஓர் ஆண்டுக்கு மேல் தள்ளிப்போனது. குழுவிலேயே பலருக்கு அப்போது வருத்தம். நிதி கொடுத்தவர்கள் போன் போட்டுக் கேட்கும்போது பதில் சொல்வது கடினமாக இருந்தது. ஆனால் பட்டா வந்த பிறகு, பொக்லைன் வருவதற்கு முந்தைய நாளே குடும்பங்கள் தாங்களாகச் சாமான்களை எடுத்துப்போனார்கள். போலீஸ் வரவில்லை, வழக்கு வரவில்லை. கும்பாபிஷேகத்தன்று முதல் குடம் தண்ணீர் எடுத்து வந்தது அந்தப் பெரியம்மாதான். காத்திருந்தது சரிதான் என்பதே இப்போது குழுவின் ஒருமித்த கருத்து.

திருப்பணிக் குழுவுக்குத் தலைவராக இருக்கச் சொல்லி நாங்கள் அவரை வற்புறுத்தினோம். மறுத்துவிட்டார். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காக ஒரு பகுதியை நாம் கட்ட வேண்டும், மீதியை அரசு தரும். மன்றத் தலைவராக அந்தப் பணிக்கு ஒப்புதல் போடுபவரே குழுத் தலைவராக இருந்து பணம் கட்டினால், யார் யாருக்குக் கணக்குக் காட்டுவது என்று கேட்டார். அன்று நம் பெரியவர் ஒருவர் காமராஜரை நினைவுபடுத்தினார். 1941-இல் சிறையில் இருக்கும்போதே காமராஜர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும், முழுமையாக உழைக்க முடியாத பதவியில் இருக்கக் கூடாது என்று விலகிவிட்டார். சேலத்தில் ராஜாஜி, ஈரோட்டில் பெரியார் என்று நம் மாநிலத்தின் பெரிய தலைவர்கள் பலர் குடிநீரும் சாக்கடையும் பேசும் நகராட்சி நாற்காலியில் இருந்து போனவர்கள்தான். அந்த நாற்காலியை அதற்குரிய மரியாதையோடு நடத்தும் ஒருவர் நம்மூருக்குக் கிடைத்திருக்கிறார்.

சரி, பணிகளுக்கு வருவோம்.

தூர்வாரும் வேலை 2024 ஆடியில் நடந்தது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரலாம் என்று அந்த ஆண்டில்தான் விதி எளிதானது. அதனால் மண்ணை அப்புறப்படுத்தும் செலவு நமக்குப் பெரும்பாலும் மிச்சம். டிராக்டர் வைத்திருந்தவர்கள் வயலுக்கு அடித்துக்கொண்டார்கள். குயவர் தெருவினர் அய்யனார் கோயில் புரவியெடுப்புக்கு மண்குதிரை செய்ய நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஆழம் இன்னும் வேண்டும் என்று பலர் சொன்னபோதும் களிமண் படுகை தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். அந்தப் படுகையைக் கிழித்தால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது.

சாலையின் குழாய்ப் பாலத்தை எடுத்துவிட்டு, வாரியின் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கிப் பெட்டிப் பாலமாகக் கட்டியதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான வேலை. கண்ணுக்குத் தெரியாத வேலையும் அதுதான். வாரியில் கலந்துகொண்டிருந்த சாக்கடையைத் தனிக் கால்வாயாகப் பிரித்து, ஊரணி வாயில் வண்டல் தங்கும் தொட்டி ஒன்று கட்டியிருக்கிறோம். இந்தத் தொட்டியை ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசிக்குள் அள்ளிவிட வேண்டும்.

படித்துறையில் பழைய கற்களில் உடையாதவை அத்தனையும் அதே இடத்தில் திரும்ப வைக்கப்பட்டன. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் முந்தைய தலைமுறை பூசிய பெயின்டை உரிக்க மணல் பீய்ச்சும் இயந்திரம் கொண்டுவரலாம் என்று ஒரு யோசனை வந்தது. கல்லின் மேல்தோலையும் செதுக்கு வேலையையும் அது தின்றுவிடும் என்று ஸ்தபதி சொன்னதால் வேண்டாம் என்று முடிவு செய்தோம். நாரும் தண்ணீரும் வைத்துக் கையால்தான் தேய்த்தார்கள். நாள் கூடியது, ஆனால் தூண்களில் இருந்த சின்ன உருவங்கள் மூக்கும் முழியுமாக வெளியே வந்திருக்கின்றன. மேல்தளத்தின் பழைய சிமென்ட் பூச்சை எடுத்துவிட்டு, சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துத் தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்தோம். இந்த மழைக்கு ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

கல்வெட்டு பற்றி ஒரு விளக்கம். உபயதாரர் பெயர்கள் மண்டபத்தின் வடசுவரில் உள்ளன. ஆனால் வாரி ஊரணிக்குள் நுழையும் இடத்தில் நட்டிருக்கும் கல்லில் யார் பெயரும் இல்லை என்று சிலர் கேட்டார்கள். நம் மாவட்டத்துக் கண்மாய்களில் தண்ணீர் திறந்துவிடும் குமிழித்தூம்புக் கல்லில் அதைச் செய்தவர் பெயரைப் பொறித்து வைத்தார்கள். நம் கல்லில் அதற்குப் பதிலாக வாரியின் சர்வே எண், நீளம், தலையிலும் வாயிலும் உள்ள அகலம், பாலத்தின் அடிமட்டம் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. தலைவரின் யோசனை இது. காகிதம் அலுவலகத்தில் தொலையலாம், பத்து வருடம் கழித்து யாரும் அளக்க வந்தால் அளவு ஊர் நடுவில் இருக்க வேண்டும் என்றார். குழு முழுமனதோடு ஏற்றது.

கூலி வாங்காமல் உழைத்த இளைஞர்கள், மதியச் சோறு ஆக்கிப்போட்ட மகளிர் குழுவினர், எல்லாக் கட்சி மன்ற உறுப்பினர்கள், செயல் அலுவலர், தூய்மைப் பணியாளர்கள் அனைவருக்கும் குழுவின் நன்றி. தூய்மைப் பணியாளர்களுக்குக் கும்பாபிஷேக மேடையில் முதல் மரியாதை செய்தது இந்தக் குழு எடுத்த முடிவுகளில் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

மிச்சம் இருப்பவை: தென்கரைக் கம்பிவேலி, கரையில் நட்ட மரக்கன்றுகளுக்குக் கூண்டு, இரவு விளக்கு இரண்டு. கையிருப்புத் தொகை இவற்றுக்குப் போதும், புதிதாக வசூல் கிடையாது. வாரியையும் தொட்டியையும் ஆண்டுதோறும் சுத்தம் செய்யும் பொறுப்பைத் தெருவாரியாகப் பிரித்துக்கொள்ள, தை மாத இரண்டாம் ஞாயிறு காலை மண்டபத்தில் பொதுக்கூட்டம். நன்கொடை ரசீதில் பெயரோ தொகையோ தவறாக இருந்தால் ரசீதோடு வாருங்கள், கணக்கு நோட்டும் வங்கிப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
ஊரணித் திருப்பணிக் குழு