இடக்கணக்கு போட்டீர்கள், வாக்குக் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2021 தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்த மறுநாள் உங்கள் நாளிதழை ஆசையாகப் பிரித்தால் முதல் பக்கத்தில் இடக்கணக்கு மட்டும்தான் இருந்தது. 234இல் திமுக கூட்டணிக்கு 159, அதிமுக கூட்டணிக்கு 75. சரி, தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டு இங்கே சிங்கப்பூரில் தேக்கா காப்பிக்கடையில் ஆளாளுக்கு “அலை, அலை” என்று பேசுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வாக்குகளைப் பாருங்கள். திமுக அணிக்கு ஏறக்குறைய 45 விழுக்காடு, அதிமுக அணிக்கு ஏறக்குறைய 40. பத்து வருடம் ஆண்ட கட்சி, ஜெயலலிதா இல்லாமல் சந்தித்த முதல் சட்டமன்றத் தேர்தலில் இவ்வளவு வாங்கியிருக்கிறது. சென்னையின் 16 தொகுதியும் திமுக அணிக்குப் போனது, கோவை மாவட்டத்தின் 10 தொகுதியும் அதிமுக அணிக்குப் போனது. அலை என்றால் கோயம்புத்தூர் பக்கம் மட்டும் ஏன் அடிக்கவில்லை? தியாகராய நகரில் திமுக ஜெயித்தது வெறும் 137 வாக்கில், காட்பாடியில் திமுகவின் மூத்த தலைவர் துரைமுருகனே 746 வாக்கில்தான் கரையேறினார். கோவை தெற்கில் கமல்ஹாசன் பகலெல்லாம் முன்னிலை, முன்னிலை என்று தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது, கடைசியில் 1,728 வாக்கில் வானதி சீனிவாசனிடம் தோற்றார்.

இதைவிடப் பெரிய விஷயம் நாம் தமிழர் கட்சி. நான் அவர்களுக்கு ஆதரவாளர் இல்லை, அதன் தலைவர் சீமான் பேச்சைப் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்கவும் முடியாது. ஆனாலும் 117 பெண்கள், 117 ஆண்கள் என்று சரிபாதியாக நிறுத்தி, தனியாக நின்று, கிட்டத்தட்ட 6.6 விழுக்காடு வாங்கிய கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை. 4.3 விழுக்காடு வாங்கிய காங்கிரசுக்கு 18, பாமகவுக்கு 3.8 விழுக்காட்டில் 5, பாஜகவுக்கு 2.6 விழுக்காட்டில் 4. கூட்டணியில் இருந்தவர்கள் குறைந்த தொகுதிகளில்தான் நின்றார்கள், அதனால் அவர்கள் விழுக்காடு குறைவாகத் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே.

இங்கே சிலர் உடனே, “நம்மூர் மாதிரி தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் முறை அங்கேயும் வேண்டும்” என்கிறார்கள். தோற்ற எதிர்க்கட்சியினரில் நெருங்கி வந்தவர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடம் தரும் முறை அது. 2020இல் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில் (பலர் ஒரே அணியாக நிற்கும் தொகுதி) மயிரிழையில் தோற்ற சிங்கப்பூர் முன்னேற்றக் கட்சிக்கு அப்படித்தான் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஆனால் நம் முறை எதிர்க்கட்சியினர் 12 பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும்தான். தமிழகத்தில் ஏற்கெனவே 75 பேர் எதிரணியில் உட்காரப் போகிறார்கள், அப்புறம் எங்கே இடம்? அதுவும் நெருக்கமாகத் தோற்றவர்களுக்குத்தான் போகும், சீமானோ திருவொற்றியூரில் மூன்றாவதாக வந்தவர். இலங்கை மாதிரி வாக்கு விகிதத்துக்கு இடம் கொடுத்தால்தான் இந்தக் கதை மாறும். அங்கே 2020இல் எந்த மாவட்டத்திலும் ஓர் இடம்கூட ஜெயிக்காத ஐக்கிய தேசியக் கட்சிக்கே, நாடு முழுவதும் வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தரும் தேசியப் பட்டியலில் ஓர் இடம் கிடைத்தது.

தமிழகம் எந்த முறைக்கு மாற வேண்டும் என்பதை அங்கே வாக்குரிமை உள்ளவர்கள் பேசட்டும், எனக்கு அது இல்லை. உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அடுத்த தடவை முடிவுகளை வெளியிடும்போது இடங்களுக்குப் பக்கத்திலேயே வாக்கு விழுக்காட்டையும் ஒரு வரிசையாகப் போடுங்கள். அந்தப் பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பட்டாசுப் படத்தைக் கொஞ்சம் சுருக்கினாலே இடம் கிடைத்துவிடும்.

வாசகர், ஈசூன்