துப்பாய எத்தனை தடவை?

மாப்ள,

மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்கு நீ என்ன திட்டினாலும் தகும். இங்கே எல்லாரும் சுகம். வாத்தியாருக்குக் கண் அறுவை முடிந்துவிட்டது, பழையபடி எழுத்துப்பிழை பிடிக்கிறார். இனி, திருக்குறளின் சொற்களை எண்ண நீ எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட்.

குறளில் அதிகம் வரும் சொல் ‘ப’, அடுத்தது ‘த’ என்று பட்டியல் அனுப்பியிருக்கிறாய். அனுப்புமுன் ஒருமுறை படித்தாயா? பைத்தான் மேல் பழி போடாதே. சொல்லைப் பிடிக்க நீ போட்ட பேக்ஸ்லாஷ் டபிள்யூ எழுத்து, எண், அடிக்கோடு மூன்றைத்தான் பிடிக்கும். காலும் கொம்பும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து இல்லை, குறி. குறி வந்த இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடும்.

12ஆம் குறளை மட்டும் ஓட்டிப் பார்: ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் துப்பாய தூஉம் மழை’. ஏழு சீர், 31 துண்டாகும். ‘ப’ 10, ‘த’ 9, மழைகூட ‘மழ’.

பேக்ஸ்லாஷ் டபிள்யூவை எடுத்துவிட்டு, சதுர அடைப்புக்குள் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை (யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய எண்கள்) கொடுத்து, பின்னால் ஒரு பிளஸ் போடு. வரிசை எண்களும் நிறுத்தற்குறிகளும் தாமாகவே உதிர்ந்துவிடும். குறள் உள்ள ஃபைலைத் திறக்கும்போது என்கோடிங் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திற. சொல்லாவிட்டால் விண்டோஸ் தன் பழைய கோட்பேஜில் (எழுத்துக்குறி அட்டவணையில்) படித்துக் கிறுக்கலாக்கும். சொற்களைப் பிரிக்குமுன் என்எஃப்சி நார்மலைஸ் செய், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பை ஒரே வடிவாக்கு. ‘கொ’வை ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகச் சேமித்திருந்தால் அது ஒன்றாக்கும். 200சி, 200டி என்ற கண்ணுக்குத் தெரியாத இரண்டு யூனிகோட் குறிகளையும் அப்போதே நீக்கிவிடு. ஆனால் ஔவையாரை நீ வழக்கம்போல ஒ, ள என்று தட்டியிருந்தால் என்எஃப்சியாலும் காப்பாற்ற முடியாது.

எண்ணுவதற்கு பைத்தானின் கலெக்ஷன்ஸில் உள்ள கவுண்டர் போதும், நீ எழுதிய பதினைந்து வரி லூப் வேண்டாம். அதிகாரத் தலைப்புகளை நீக்கிவிட்டு மொத்தத்தைக் கூட்டு: 1330 குறள், ஏழேழு சீர், 9310 வர வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஃபைலில் எங்கோ இடைவெளி தப்பியிருக்கிறது.

அடுத்தது சந்தி. ‘அவர்க்குத்’, ‘அவர்க்குப்’ இரண்டும் தனித்தனியாக விழும். கடைசி க், ச், த், ப்-ஐ கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதே. அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்கினால் மட்டும் வெட்டு. (உரைநடையில் ‘பேங்க் கணக்கு’ அப்போதும் அடிபடும். பட்டுக்கொள்ளட்டும்.) ஃபைலை வரி வரியாகப் படித்தாயானால் இதுவும் கெடும்: அதே 12இல் முதல் ‘துப்பார்க்குத்’ கடைசி ஒற்றை இழக்கும், இரண்டாவதோ முதல் அடியின் கடைசியில் நிற்பதால் இழக்காது. ஒரே சொல் இரண்டு கணக்கில் விழும். முழு ஃபைலையும் ஒரே சரமாகப் படி.

இவ்வளவும் செய்தால் ‘துப்பாய’ 2 என்று வரும். இங்கேதான் எனக்குக் கவலை, விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டாவது ‘துப்பாய’ தனிச்சொல்லே இல்லை. ‘துப்பு ஆயதூஉம்’ என்பது யாப்பின் தளைக்காக நடுவில் பிளந்து நிற்கிறது. உன் ஸ்கிரிப்ட் எண்ணுவது சீரை, சொல்லை அல்ல. சொல் கணக்கு வேண்டுமென்றால் பதம் பிரித்த பாடத்தை எடு. அப்போது 9310 சோதனை செல்லாது. அட்டவணைத் தலைப்பில் ‘சொல்’ என்றிருப்பதை ‘சீர்’ என்று மாற்றாமல் அச்சுக்குக் கொடுத்துவிடாதே. வாத்தியாருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது.

ஓட்டிப் பார்த்துவிட்டு மொத்தம் எவ்வளவு வந்தது என்று எழுது.

உன்,
கொம்பு