பந்து ஆடுபவர்கள் மட்டும்தானா கானாக்காரர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விளையாட்டுப் பக்கத்தில் கால்பந்து வீரர்களான வில்லியம்ஸ் சகோதரர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பெற்றோர் கானாவிலிருந்து சகாராவைக் கடந்து ஸ்பெயின் போய்ச் சேர்ந்தது, 2022 உலகக் கோப்பையில் அண்ணன் இன்யாகி கானாவுக்கும் தம்பி நிகோ ஸ்பெயினுக்கும் ஆடியது எல்லாம் சரி. ஆனால் கானாவை விட்டுப் போகிறவர்கள் என்றாலே படிப்பும் தொழிலும் இல்லாதவர்கள் என்பதுபோல ஒரு தொனி கட்டுரை முழுக்க இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

1980களின் தொடக்கத்தில் நைஜீரியாவின் ஓயோ மாநிலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அங்கே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இலவசமாக்கியதும் பிள்ளைகள் குவிந்தார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அதனால் நம் ஊரிலிருந்தும் கானாவிலிருந்தும் ஆசிரியர்களை எடுத்தார்கள். எங்கள் பள்ளியில் இயற்பியலும் ஆங்கிலமும் கானாக்காரர்கள் கையில்தான். இயற்பியல் வாத்தியார் கானாவின் கூமாசி நகரத்துக்காரர். கரும்பலகையில் அவர் போடும் லென்ஸ் படம் அச்சடித்த மாதிரி இருக்கும். என் மனைவி செய்யும் காராமணிச் சுண்டலை ஒரு கை பார்த்துவிட்டு, “எங்கள் ஊரில் இதையே செம்பனை எண்ணெய் விட்டுச் சமைத்து, பொரித்த வாழைப்பழத்தோடு சாப்பிடுவோம்” என்பார். அந்த எண்ணெய் வாசனை எனக்குக் கடைசிவரை ஒத்துவரவில்லை.

கானாவில் கோகோ வருமானம் சரிந்து, ஆசிரியர் சம்பளம் சந்தைக்குப் போய்வரவே பற்றாமல் போன பிறகு வந்தவர் அவர். நைஜீரியாவில் வாங்கிய சம்பளத்தில் பெரும்பகுதி ஊருக்கே போகும். தங்கைக்குப் பள்ளிக் கட்டணம், கூமாசியில் அரைகுறையாக நிற்கும் வீட்டுக்குச் சிமெண்டு, அப்புறம் சாவுச் செலவு. அவர்கள் பக்கம் துக்கச் சடங்கு கறுப்பும் சிவப்பும் உடுத்தி, ஊர் கூடி, தடபுடலாக நடக்கும். வெளிநாட்டில் சம்பாதிப்பவன் தன் பங்கை அனுப்பாவிட்டால் உறவில் தலைகாட்ட முடியாது. சிங்கப்பூரில் பிள்ளை வைத்திருக்கும் தஞ்சாவூர்க் குடும்பங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1983 ஜனவரியில் நைஜீரியாவுக்கு கச்சா எண்ணெய்ப் பணம் குறைந்திருந்தது, தேர்தலும் வரவிருந்தது. முறையான தாள் இல்லாத வெளிநாட்டினர் இரண்டு வாரத்தில் கிளம்ப வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். வெளியேறிய கானாக்காரர்கள் மட்டும் ஏறக்குறைய பத்து லட்சம். எங்கள் வாத்தியார் அரசு ஒப்பந்தத்தில் வந்தவர், தப்பித்தார். லாகோஸில் கட்டட வேலை செய்த அவர் தம்பி போக வேண்டியதாயிற்று. கானாவோ தன் எல்லையை மூடி வைத்திருந்தது. திறக்கும்வரை அவர்கள் ஏறிவந்த லாரிகள் வழியில் உள்ள பெனின் நாட்டில் முடங்கிக் கிடந்தன. நான் நைஜீரியர்களைத் திட்டியபோது, “1969இல் எங்கள் பிரதமர் புசியா நைஜீரியர்களை விரட்டினார். கெடு அப்போதும் இரண்டு வாரம்தான்” என்றார் வாத்தியார்.

திரும்பிப் போனவர்களுக்கு ஊரில் காத்திருந்தது வறட்சி, காட்டுத்தீ, பஞ்சம். அதற்கப்புறம்தான் ஹாம்பர்க், ஆம்ஸ்டர்டாம், லண்டன் என்று இன்னும் பலர் கிளம்பினார்கள். எங்கள் வாத்தியாரும் பின்னாளில் லண்டன் போனார். இயற்பியல் பட்டதாரிக்கு அங்கே கிடைத்தது கிடங்கில் இரவுக் காவல். லென்ஸ் படம் போட்ட கை!

அவர் மகள் கானாவில் பயிற்சி பெற்ற செவிலியர். இப்போது பிரிட்டனில் வேலை பார்க்கிறார். மருத்துவப் பணியாளர் தட்டுப்பாடு உள்ள 55 நாடுகளின் பட்டியலை 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டது. இவற்றிலிருந்து வலிந்து ஆள் எடுக்காதீர்கள் என்பதற்கான பட்டியல் அது. கானாவும் அதில் உண்டு. தானாக விண்ணப்பித்துப் போகிறவர்களை அது தடுக்காது, தடுக்கவும் கூடாது என்பேன். ஆனால் படிக்க வைத்த செலவு கானாவுக்கு, வேலை பிரிட்டனுக்கு என்ற இந்தக் கணக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரியாவது வந்திருக்கலாம்.

அடுத்த முறை அப்படி ஒரு செவிலியரிடமும் பேசி எழுதுங்கள். பிரிட்டன் மருத்துவமனைகளில் நம் ஊர்ப் பெண்களும் வேலை பார்க்கிறார்கள். அவர்களைக் கேட்டால் உங்கள் செய்தியாளருக்கு ஆள் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
நங்கநல்லூர், சென்னை.