டி5300 கமெராவுக்கென்று கேட்டு வாங்கிய, தானாகப் போக்கஸ் ஆகாத லென்ஸ் பற்றிய முறைப்பாடு

மாங்குளம்.

முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய பாவித்த நிக்கோன் ஏஎஃப் 180 மிமீ எஃப்/2.8டி லென்ஸ் என்னுடைய டி5300 இல் தானாகப் போக்கஸ் ஆகாது. பழுதென்றில்லை, அதற்கு ஆகவே ஆகாது. அந்தக் கமெராவுக்குள் போக்கஸ் மோட்டர் கிடையாது, இந்த லென்ஸுக்குள்ளும் கிடையாது. ஏஎஃப்-எஸ் என்று எழுதிய லென்ஸென்றால் மோட்டர் உள்ளேயே இருக்கும். கமெரா விற்கிறவர்களுக்கு இதை நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

வாங்க முதலே வட்ஸ்அப்பில் எல்லாம் சொன்னேன். கமெரா இன்னது, கையில் இருப்பது சீட்டெடுத்த காசு, அதற்கு மேல் முடியாது. மம்மல் பொழுதில் குளத்துக்கு இறங்கும் மான், மரை எடுக்க வேண்டும். என்னிடமுள்ள 70-300 லென்ஸை நீட்டினால் வெளிச்சம் விடும் துளை எஃப்/5.6 தான், அது போதாமல் ஐஎஸ்ஓவை, அதாவது கமெராவின் ஒளி உணர்திறனைக் கூட்டிப் படமெல்லாம் புள்ளி. தேவாங்குக்குப் பிளாஷ் அடிக்க மாட்டேன், சிவப்புத் தாள் சுற்றிய ரோச் மட்டும்தான் என்றும் சொன்னேன். “2.8 எண்டால் நாலு மடங்கு வெளிச்சம், உங்கட கமெராவுக்கு அந்தமாதிரி வேலை செய்யும்” என்று பதில் வந்தது. அந்தப் பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. நாலு மடங்கு சரிதான். மற்றது?

வவுனியாக் கிளைக்குக் கொண்டுபோனேன். பாவித்த சாமான் இங்கே பார்ப்பதில்லை, கொழும்புக்குப் போ என்றார்கள். இரவு பஸ்ஸில் போய்ச் சேர்ந்து, மத்தியானம் வரை கதிரையில் இருந்தேன். உங்கள் தொழில்நுட்பவியலாளர் லென்ஸை ஒரு டி7200 கமெராவில் பூட்டி, “பாருங்கோ, நல்லா வேலை செய்யுது” என்றார். செய்யும்தானே! அதற்குள் மோட்டர் இருக்கிறது. என் கமெராவை மேசையில் வைத்தேன், அவர் தொடவே இல்லை. அதற்குப் பரிசோதனைக் கட்டணம் வேறு. பற்றுச்சீட்டு வைத்திருக்கிறேன்.

கையால் திருப்பினால், போக்கஸ் சரியென்று காட்ட வியூபைண்டரில் பச்சைப் புள்ளி வரும், அது போதும் என்கிறீர்கள். பத்து மீற்றரில் நிற்கும் மானை 2.8 இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஒரு முழம்கூட வராது. கருக்கலில் நடக்கிற மான் உங்கள் பச்சைப் புள்ளி வரும்வரை நிற்குமா?

இதெல்லாம் கிடக்கட்டும். தொலைபேசியில் உங்கள் ஆள் ஒருவர் கேட்டது இதுதான்: “தங்கச்சி, வீட்டிலை அண்ணா ஆரும் இருந்தால் போனைக் குடுங்கோ, அவருக்கு விளங்கப்படுத்திறன்.” ஸ்டூடியோ நடத்துகிறவள் நான். காசு கட்டியவளும் நான். காசு வாங்கும்போது அண்ணாவைத் தேடவில்லையே? பெயர் கேட்டேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார். அன்றைய அழைப்புப் பதிவைத் தயவுசெய்து நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

ஆவணி, புரட்டாதியில்தான் குளம் வற்றி, மிச்சத் தண்ணீருக்கு மிருகம் வரும். மாரி விழுந்தால் காட்டுக்குள் பள்ளமெல்லாம் தண்ணீர், ஒன்றும் வெளியே வராது. உங்களால் என்னுடைய இந்த வருடமே அழிந்துபோனது. அதை யார் தருவது?

சண்டை பிடிக்க எனக்கு விருப்பமில்லை. லென்ஸைத் திருப்பியெடுத்து ஏஎஃப்-எஸ் 85 மிமீ எஃப்/1.8ஜி தாருங்கள், மிச்சக் காசையும் தாருங்கள். தூரம் குறைவுதான், கிட்டப்போய்ச் சமாளிப்பேன். அல்லது முழுக் காசு. பரிசோதனைக் கட்டணம் இரண்டு வழியிலும் திரும்பி வர வேண்டும்.

இல்லையென்றால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் முறையிடுவேன். அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் போன் அடித்து விட்டுவிடுகிற ஆள் நானில்லை. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். அதுவரை இழுத்தடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

பதிலை எழுத்தில், என் பெயருக்கே அனுப்புங்கள்.

இங்ஙனம்,
உங்கள் வாடிக்கையாளர்.

பி.கு.: லென்ஸின் பின்மூடி கொழும்பில் உங்கள் மேசையிலேயே நின்றுவிட்டது. அதைக் குறைச்சலென்று சொல்லிக் காசைக் கழிக்க வேண்டாம்.