என் கையெழுத்துக்குப் பின்னால் நின்றவர்களுக்கு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப், நந்திதுர்க், மைசூர் மைன் சுரங்கங்களில் என்னோடு வேலை பார்த்த அண்ணன்மார்களே, தம்பிகளே, உங்கள் வீட்டாரே, எல்லோருக்கும் வணக்கம்.

சமீபத்தில் நடந்த ஒன்றுகூடலில் எனக்குப் பொன்னாடை போர்த்தி, "சீனியர் இன்ஜினியர் சார் இருந்ததால்தான் ஷாஃப்ட் பத்திரமாக இருந்தது" என்று பேசினீர்கள். தொண்டை அடைத்துக்கொண்டதால் மேடையில் இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் கிணறு, பத்திரமாக இருந்ததற்கு நீங்கள்தான் காரணம். பேச்சுக்குச் சொல்லவில்லை, வேலை நடந்த விதமே அப்படி.

தங்கவயலில் வளராத பேரப்பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் மிஷின், அதன் இரும்புக் கயிறு, ஆட்கள் ஏறும் கூண்டு, பம்பு, காற்று கம்ப்ரஸர், குளிர்காற்று பிளான்ட், இத்தனையும் என் பொறுப்பு. பார்த்தாயிற்று, ஆட்களை இறக்கலாம் என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அதை நம்பித்தான் ஒரு ஷிப்ட் முழுவதும் கூண்டில் ஏறும். சாம்பியன் ரீஃபின் அடி, தரைக்கு 3 கிலோமீட்டருக்கும் கீழே. ஒரே கயிற்றில் அவ்வளவு ஆழம் போக முடியாது. ஒரு ஷாஃப்டில் இறங்கி, உள்ளே நடந்து, அடுத்த ஷாஃப்டில் மறுபடி இறங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி மிஷின், தனிக் கயிறு, தனி டிரைவர். அத்தனை இடத்திலும் ஒரே நேரத்தில் நான் எப்படி நின்றிருக்க முடியும்?

நின்றது நீங்கள். முதலில் கயிறு பார்த்த அண்ணன்மார்களுக்கு நன்றி. கூண்டை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, ஓடுகிற கயிற்றைச் சுற்றி ஒரு பிடி வேஸ்ட் பஞ்சை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். எங்காவது ஒரு கம்பி அறுந்து துருத்தியிருந்தால் அதில் பஞ்சு மாட்டும். உடனே நிறுத்தி, அந்த இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, கிரீஸைத் துடைத்துவிட்டு எத்தனை கம்பி என்று எண்ணுவீர்கள். நூற்றுக்கணக்கான மீட்டர் கயிறு முழுக்க இதே கவனம். "அவசரமாக ஷிப்ட் இறங்கணும், சீக்கிரம் முடியுங்கள்" என்று யார் வந்து சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டீர்கள். அந்தப் பிடிவாதத்துக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவன்.

வைண்டிங் டிரைவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். கூண்டு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. முன்னால் ஆழம் காட்டும் டயல், காதுக்கு மணி, கையில் லீவர், அவ்வளவுதான். மணி மூன்று தட்டினால் ஆட்கள் ஏறப்போகிறார்கள் என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் பேச மாட்டார்கள். பிரேக் பிடித்ததே கூண்டில் இருப்பவருக்குத் தெரியாத அளவுக்கு நிறுத்துகிற கை அது. எந்தப் பொறியியல் கல்லூரியிலும் அந்தக் கையைச் சொல்லித் தர முடியாது.

அடுத்து, பாறையைத் தெரிந்தவர்கள். அந்த ஆழத்தில் பாறை மேல் இருக்கும் அழுத்தம் சாமானியமானதல்ல. சில நேரம் சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும்; அதைத்தான் பர்ஸ்ட் என்போம். பெரிய பர்ஸ்ட் ஆனால் மேலே தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அடுக்கிவைத்த பாத்திரம் உருளும். தாது வெட்டியெடுக்கும் ஸ்டோப்பில் கருங்கல் அடுக்கித் தாங்கல் கட்டிய அண்ணன்மார்கள், சந்தையில் பானையைத் தட்டி வாங்குவதுபோல, கடப்பாரையால் மேல்பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால், "சார், இப்ப வராதீங்க" என்று என் மார்பில் கைவைத்து நிறுத்துவார்கள். தளர்ந்த கல்லை நெம்பித் தள்ளிய பிறகுதான் என்னை உள்ளே விடுவார்கள். பர்ஸ்ட் ஆனபின் மற்றவர்களை மேலே ஏற்றிவிட்டு, கூண்டின் கூரைமேல் நின்று, கூண்டு ஓடும் வழிச்சட்டம் கோணியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இறங்கியவர்களும் உங்களில்தான் இருந்தார்கள். ரெஸ்க்யூ ஆட்களையும் இங்கே கைகூப்பி நினைக்கிறேன்.

வெடி வைத்தவர்கள் எண்ணிய எண்ணிக்கைக்கும் நன்றி. வைத்தது எத்தனை, வெடித்தது எத்தனை என்று இரண்டு பேர் தனித்தனியே எண்ணி, கணக்கு ஒத்துவராவிட்டால் யாரையும் பாறை வெட்டும் முகப்புக்குப் போகவிட மாட்டீர்கள். குளிர்காற்று பிளான்ட் பார்த்த தம்பிகளே, கீழே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். நீங்கள் அனுப்பிய காற்று நின்றால் வேலையும் நிற்கும். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே நமக்கு மின்சாரம் வந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். மின்சார லைன் போன ராத்திரிகளில் மழையில் ஓடிய எலக்ட்ரீஷியன்களையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு முந்தைய தலைமுறைக்கும் ஒரு வணக்கம். 1965-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தாரும் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் நம் சுரங்கத்துக்குள் கருவிகள் வைத்து, காற்றுமண்டலத்தில் பிறந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தைக் கண்டார்கள். உலகத்தில் முதன்முதலாக அதைக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. அந்தக் கருவிகள் தானாக இறங்கிவிடவில்லை. கூண்டில் ஏற்றி, டிராலியில் தள்ளி, உடையாமல் கொண்டுபோய் வைத்தவர்கள் நம் ஆட்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர்கள் பெயர் வராது. தங்கவயல் பிள்ளைகளுக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. பம்பு ஆபரேட்டர்களை நினைக்காமல் அந்த நாளை என்னால் நினைக்க முடியவில்லை. நூறு வருஷத்துக்கு மேல் ராத்திரி பகல் பார்க்காமல் இறைத்த தண்ணீர் அது. பம்பிலிருந்து கை எடுத்ததும் லெவல் லெவலாக, அதாவது சுரங்கத்தின் ஒவ்வொரு தளமாக, ஏறிவிட்டது. எத்தனை பெரிய வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பெண்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. தரை அதிர்ந்தால் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடிவந்து நிற்பார்கள். எந்த லெவல், எந்த ஷிப்ட் என்று கேட்பார்கள். தன் வீட்டு ஆள் மேலே வந்துவிட்ட பிறகும், பக்கத்து வீட்டு ஆள் வரும்வரை நகர மாட்டார்கள்.

கல்தூசி நுரையீரலில் படிந்து, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குகிற அண்ணன்மார்கள் பலரால் ஒன்றுகூடலுக்கு வர முடியவில்லை. நீங்கள் வர வேண்டாம், நான் வருகிறேன். பொங்கல் முடிந்ததும் மாரிகுப்பத்தில் ஆரம்பித்து, ஆண்டர்சன்பேட்டை வரை ஒவ்வொரு வீடாக வருவதாக இருக்கிறேன். போர்த்திய பொன்னாடைக்கு என் மனமார்ந்த நன்றி.

என்றும் உங்கள்,
ஓய்வுபெற்ற மூத்த பொறியாளர்,
கோலார் தங்கவயல்