முதல் கோர்ஸுக்குக் கேமரா கடைசியில்

ஆசிரியருக்கு வணக்கம்.

தனிப் பயிற்சி தரும் கோச்கள் தங்கள் முதல் ஆன்லைன் கோர்ஸை உருவாக்குவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை கேமரா, விளக்கு, இணையத் தளம் என்ற வரிசையில் தொடங்கியிருந்தது. இந்த வரிசைதான் பலரைக் கவிழ்க்கிறது. நாற்பது வீடியோ எடுத்து முடித்த பிறகு வாங்க ஆளில்லை என்று தெரியவரும். வாங்கிய சிலரும் மூன்றாவது பாடத்தோடு நின்றுவிடுவார்கள். ஒளிப்பதிவு கடைசியில் வர வேண்டிய வேலை.

முதல் வேலை, கோர்ஸ் முடிந்ததும் மாணவர் எதைச் செய்து காட்டுவார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவது. "மேடைப் பேச்சில் தன்னம்பிக்கை" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. "மேடை ஏறியே பழக்கமில்லாதவர், நான்கு வாரத்தில், தாளைப் பார்க்காமல் ஐந்து நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்" என்பதைச் சரிபார்க்கலாம். யாருக்கு, எவ்வளவு காலத்தில், என்ன செயல் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. தலைப்பு பிடிபடாதவர்கள் தங்கள் பழைய அமர்வுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கட்டும். வெவ்வேறு ஆட்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்திருப்பார்கள். கோர்ஸ் அங்கேதான் இருக்கிறது. தெரிந்ததையெல்லாம் கொட்டித் தீர்ப்பதே முதல் கோர்ஸில் அதிகம் காணும் பிழை.

அந்த வாக்கியத்திலிருந்து பின்னோக்கி வர வேண்டும். நான்காம் வாரம் தாளில்லாமல் ஐந்து நிமிடம் என்றால், மூன்றாம் வாரம் சிறு குறிப்பு அட்டையோடு ஐந்து நிமிடம், இரண்டாம் வாரம் பேச்சின் தொடக்கமும் முடிவும் மட்டும், முதல் வாரம் போன் கேமராவைப் பார்த்து ஒரு நிமிடப் பேச்சு. இப்படிப் பயிற்சிப் பணிகளை முதலில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் செய்ய மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டால், எந்த வீடியோ தேவை என்பது தானே வந்துவிடும். எந்தப் பணிக்கும் உதவாத வீடியோ, எவ்வளவு அருமையாக இருந்தாலும், வெளியே போகட்டும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று வீடியோ, ஒரு பணித்தாள், ஒரு மணி நேர நேரலைச் சந்திப்பு போதும். எல்லாம் சேர்த்து மாணவரிடம் வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கேட்டால், வேலைக்குப் போகிறவர் ஒரு வாரம் பின்தங்குவார், பிறகு திரும்பி வரமாட்டார்.

பணித்தாள் ஏன் இத்தனை முக்கியம் என்றால், நேரில் கோச் செய்வதில் பாதி, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது. வீடியோ காத்திருக்காது. அந்தக் கேள்வியைப் பணித்தாள்தான் கேட்டாக வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். "புரிந்ததா?" என்று கேட்பதை விட்டு, "பார்க்காமல் மூன்று வரி எழுதுங்கள்" என்று கேளுங்கள்.

இதற்குப் பிறகும் கேமராவைத் தொட வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, முழுக் கோர்ஸையும் ஒருமுறை நேரலையிலேயே நடத்துங்கள். பாதிக் கட்டணம் வாங்கலாம்; இலவசம் மட்டும் கூடாது. இலவசமாகச் சேர்ந்தவர் வராமல் போனால், பாடம் சரியில்லையா, அவருக்கே தேவையில்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. நான்கைந்து பேர்கூடப் பணம் கட்ட முன்வராவிட்டால், மாற்ற வேண்டியது அந்த முதல் வாக்கியத்தை. வீடியோ கால், கூகுள் படிவம், ஒரு வாட்ஸ்அப் குழு இவையே இந்தச் சுற்றுக்குத் தாராளம். மாணவர் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்து வையுங்கள். பாடத் தலைப்புகளும் விளம்பர வாசகமும் அதிலிருந்தே கிடைக்கும்.

இனி ஒளிப்பதிவு. எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கல்வித் தளத்தின் நான்கு கோர்ஸ்களில் சுமார் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் சொன்னது: வீடியோ எவ்வளவு நீளமானாலும், பார்த்த நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு (மீடியன்) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஆகவே ஒரு வீடியோவுக்கு ஒரு கருத்து. எழுதியதை உரக்கப் படித்து நேரம் பாருங்கள். பத்து நிமிடத்தைத் தொட்டால் இரண்டாக வெட்டுங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கெட்டால் மூடிவிடுவார்கள். மேசை மைக்கை வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தூரத்தில், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் 'ப' சொல்லும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும். திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி உள்ள அறையில் எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்திவிட்டு 30 விநாடி பதிவு செய்து, போனின் ஸ்பீக்கரிலும் இயர்போனிலும் கேட்டுவிட்டுத் தொடருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நாள் முழுதும் எடுத்த பதிவை எந்த மென்பொருளும் முழுதாகக் காப்பாற்றாது. கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரே. ஸ்லைடு எழுத்தைப் போனில் படித்துப் பாருங்கள். "அடுத்த செவ்வாய்", கட்டணம், தளத்தின் பெயர் போன்ற மாறக்கூடியவற்றை வீடியோவுக்குள் சொல்லாதீர்கள். ஒரு சொல்லுக்காக முழுப் பாடத்தையும் மறுபடி எடுக்க நேரும்.

விற்பனைக்கு முன்பே பணம் திருப்பித் தரும் விதியை எழுதி வையுங்கள். பழைய வாடிக்கையாளரின் அனுபவத்தை எடுத்துக்காட்டாகச் சொல்ல, பெயரை மாற்றினாலும் எழுத்தில் சம்மதம் வேண்டும். மனநலச் சிகிச்சை தேவைப்படுவோருக்கு இந்தக் கோர்ஸ் மாற்றாகாது என்பதைச் சேரும் பக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது.

கோர்ஸ் ஓடத் தொடங்கியதும் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை விட்டுவிட்டு, எத்தனை பேர் பணித்தாளை அனுப்பினார்கள் என்று பாருங்கள். ஒரே பாடத்தில் பலர் நின்றால், பெரும்பாலும் அதற்கு முந்தைய பணி அளவுக்கு மீறியதாக இருக்கும். அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துப் பாருங்கள்.

அந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சி எழுதுவதாக இருந்தால், கருவிப் பட்டியலுக்குப் பதிலாக நான்கு வாரக் கோர்ஸ் ஒன்றின் பணித்தாள் மாதிரியை முழுமையாக வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆன்லைன் பயிற்சிப் பாட வடிவமைப்பாளர் ஒருவர்