வேடியப்பன் ஊரிலேயே இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

தருமபுரி மாவட்டத்தில் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களை, அதாவது சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்களை, எல்லாம் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற கோரிக்கை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அக்கறை சரிதான், வழிதான் சரியில்லை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே பல நடுகற்கள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆனால் ஊரில் நிற்கும் கல்லை எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். சாலை போட வரும் பொக்லைன்கூட அதைத் தொடத் தயங்குகிறது என்றால் அந்தக் கும்பிடுதான் காரணம். சட்டமெல்லாம் அப்புறம்தான்.

உண்மையான ஆபத்து பெயின்ட் டப்பாவில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கல்லில் வில்லேந்திய வீரனுக்கு மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வரிகள் உண்டு. போன திருவிழாவுக்கு, பக்தியோடுதான், நீல எனாமல் அடித்து மீசையும் வரைந்துவிட்டார்கள். எழுத்துப் பள்ளங்கள் அடைந்துபோயின. எந்த மன்னன் ஆட்சியாண்டில், எந்த ஆநிரைச் (மாட்டு மந்தைக்கான) சண்டையில் வீரன் இறந்தான் என்பதைச் சொல்வது பெரும்பாலும் இத்தகைய வரிகள்தான். எனவே தொல்லியல் துறை ஒவ்வொரு கல்லையும் படியெடுத்து, படத்துடன் ஊராட்சி அலுவலகத்தில் பதிந்து வைக்கலாம். பூசாரிகளை அழைத்து, மஞ்சள் குங்குமத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். கேட்பாரற்று உடைந்து கிடக்கும் கற்களை மட்டும் அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லட்டும்.

- வாசகர், பாலக்கோடு